இரண்டு மைல் ரயில் ஊர் நடுவே நின்றால்: ஒஹாயோவிலிருந்து சில அனுபவங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கில், டோலிடோ நகருக்குத் தெற்கே, சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறோம். ஊரின் குறுக்கே ரயில் பாதை போகிறது. பாதைக்கு வடக்கே மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், பெரிய கடைகள். தெற்கே எங்கள் வீடு, ஆரம்பப் பள்ளி, வாடகை குறைந்த வீடுகள். இரண்டு பக்கத்தையும் இணைப்பவை மூன்று ரயில்வே கேட்டுகள். ஊருக்குள் பாலம் எதுவும் இல்லை. முதல் கேட்டிலிருந்து மூன்றாவது கேட் வரை ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். இப்போது வரும் சரக்கு ரயில்களில் பலவும் இரண்டு மைல் நீளம். ஆக ஒரு ரயில் வந்து நின்றால் மூன்று கேட்டும் ஒரே நேரத்தில் அடைபடும். வேறு வழி வேண்டுமென்றால் நெடுஞ்சாலைப் பாலம் வரை போய்ச் சுற்றி வரவேண்டும்.

வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்னது ஒன்றுதான்: "ரயில் சத்தம் ஒரு மாதத்தில் பழகிவிடும்." அது உண்மை. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஒவ்வொரு கேட்டுக்கும் ஊதும் ஹாரனைத் தூக்கத்தில் நான் இப்போது கேட்பதே இல்லை. ரயில் நிற்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஓடும் ரயிலால் பெரிய தொல்லை கிடையாது. ஒரு மைல் நீள ரயில் மணிக்கு 30 மைல் வேகத்தில் வந்தால் 2 நிமிடத்தில் கேட்டைத் தாண்டிவிடும். இரண்டு மைல் ரயில் 10 மைல் வேகத்தில் ஊர்ந்தால் 12 நிமிடம். மூன்று மைல் என்றால் 18. அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாட்டு கேட்கலாம். நின்றுவிட்ட ரயிலுக்குத்தான் கணக்கே கிடையாது. அரை மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். எப்போது நகரும் என்று கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் யாருக்கும் தெரியாது. பல நேரம் என்ஜினில் இருப்பவருக்கும் தெரியாது.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஷிஃப்டுக்கு நான் தாமதமாகப் போனால், இரவு ஷிஃப்ட் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு காலத்தில் "ரயில் மறித்துவிட்டது" என்று சொன்னால் சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை, மேலாளரும் அதே கேட்டில் மாட்டியிருப்பார். ஆனால் எனக்கு மாதச் சம்பளம். எங்கள் தெருவில் முதியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பணிவிடை செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மணிக்கணக்கில் கூலி. கேட்டில் போன நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். அவர் பார்க்கப் போகும் பாட்டி அன்றைக்குக் காலை மாத்திரையைத் தாமதமாகத்தான் விழுங்குவார். ரயில் கம்பெனி எந்த ஆண்டறிக்கையிலும் இதை எழுதப்போவதில்லை.

ரயில்கள் ஏன் இப்படி நீண்டன என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஹன்டர் ஹாரிசன் என்ற ரயில்வே நிர்வாகி, இல்லினாய் சென்ட்ரல், கனேடியன் நேஷனல், கனேடியன் பசிபிக் என்று ஒவ்வொரு நிறுவனமாக நடத்தி, கடைசியாக 2017-ல் சி.எஸ்.எக்ஸ். நிறுவனத்துக்கு வந்தார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்தும் போனார். அவர் பரப்பிய முறைக்கு பிரிசிஷன் ஷெட்யூல்ட் ரயில்ரோடிங் என்று பெயர். குறைந்த என்ஜின், குறைந்த ஆள், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளும் குறைவு. இருக்கும் பெட்டிகளை எல்லாம் ஒரே ரயிலில் கோத்து அனுப்பு. ஒரு டாலர் வருமானத்துக்கு எத்தனை சென்ட் செலவு என்ற ஒற்றை எண்ணைப் பங்குச் சந்தை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எண் இறங்கியது. பங்கு விலை ஏறியது. பி.என்.எஸ்.எஃப். தவிர மற்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் அதே வழிக்கு வந்துவிட்டன.

இரண்டு ரயிலை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் மிச்சம். ஆறு ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் 29 சதவீதத்தை, ஏறத்தாழ 45,000 பேரைக் குறைத்துவிட்டன என்று ரயில் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் அன்றைய தலைவர் மார்ட்டின் ஓபர்மன் 2022-ல் சொன்னார். நீளத்தைப் பற்றி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2019-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. இரண்டு பெரிய நிறுவனங்கள் தந்த தரவின்படி 2008-லிருந்து சராசரி நீளம் சுமார் 25 சதவீதம் கூடி, 2017-ல் 1.2 மைலும் 1.4 மைலுமாக இருந்தது. சில ரயில்கள் மூன்று மைலை நெருங்கின. சராசரியைப் பார்த்து "ஒன்றரை மைல்கூட இல்லையே" என்று நினைக்க வேண்டாம். கேட்டில் நிற்பவருக்குச் சராசரி ரயில் வருவதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சரக்கு ரயிலில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு ரயில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பவர் அல்ல. பெட்டிகளின் பட்டியல், கோர்ப்பது, கழற்றுவது, கோளாறு வந்தால் இறங்கி நடந்து பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வேலி ஓரமாக நின்று அவரோடு பேசிய மாலைகளில்தான், நிற்கும் ரயிலைப் பார்த்துத் திட்டுவதற்கு முன்னால் அது ஏன் நிற்கிறது என்று யோசிக்கக் கற்றேன்.

முதலாவது பிரேக். ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. என்ஜினிலிருந்து அழுத்தக் காற்று கடைசிப் பெட்டி வரை அதன் வழியாகத்தான் போகிறது. எங்கேயாவது ஒரு குழாய் விட்டுப்போனால் காற்று இறங்கி, ரயில் முழுவதும் தானாகப் பிரேக் பிடித்து நின்றுவிடும். பாதுகாப்புக்கான நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெட்டிகள் கூடக் கூட இணைப்புகளும் கூடுகின்றன. குளிரில் ரப்பர் இறுகிக் காற்று கசியும். கடைசிப் பெட்டிவரை அழுத்தம் போய்ச் சேராது. அதனால்தான் ஜனவரியில் எங்கள் கேட் அதிகம் அடைபடுகிறது. நடுவிலும் வாலிலும் ஓர் என்ஜினைச் சேர்த்துக் காற்றை அங்கிருந்தும் ஊட்டுகிறார்கள். அது ஓரளவு உதவும்.

சரி, நின்றுவிட்டது. எந்தப் பெட்டி என்று யார் பார்ப்பது? கண்டக்டர் இறங்கி நடக்க வேண்டும், சரளைக் கல் மேல், இருட்டில், பனியில். "ஒரு மைல் ரயிலுக்கே அலுப்பாக இருக்கும். இரண்டு மைலுக்கு நடந்துபோய்க் கோளாறைச் சரிசெய்துவிட்டு, மறுபடி நடந்து என்ஜினுக்கு வந்து சேர வேண்டும். அதற்குள் கேட்டில் நிற்பவர் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்" என்றார். முன்பெல்லாம் கடைசியில் ஒரு கபூஸ் பெட்டியும் அதில் ஆளும் இருப்பார்கள். அதை எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது.

கேட் இருக்கும் இடத்தில் ரயிலைக் கழற்றி வழி விட்டால் என்ன என்று நானும் கேட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்வி அது. கழற்றலாம். ஆனால் கண்டக்டர் அந்தப் பெட்டிவரை நடக்க வேண்டும், பின்பாதி உருண்டுவிடாமல் கைப்பிரேக்குகளைச் சுற்றிப் பூட்ட வேண்டும், முன்பாதியை நகர்த்த வேண்டும். பிறகு திரும்பச் சேர்த்துக் காற்றை ஏற்றிப் பிரேக் சோதனை செய்ய வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். எனவே "இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம்" என்று கட்டுப்பாட்டு அறை நம்பிக்கொண்டிருக்கும் வரை யாரும் கழற்றமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் பல தடவை வரும்.

அடுத்தது பணி நேரம். டிரைவரும் கண்டக்டரும் 12 மணி நேரத்துக்கு மேல் ரயிலை ஓட்டக்கூடாது என்பது மத்திய சட்டம். நேரம் முடிந்ததும் ரயில் எங்கே நிற்கிறதோ அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். மாற்று ஆட்கள் வேனில் வந்து சேரவேண்டும். ஆட்களைக் குறைத்த பிறகு அந்த வேன் வர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஊருக்குக் கிழக்கே ஒரு யார்டு இருக்கிறது. அதன் தடங்கள் எல்லாம் பழைய காலத்து ரயிலுக்குப் போட்டவை. இரண்டு மைல் ரயில் எந்த ஒரு தடத்திலும் முழுதாக அடங்காது. அதனால் முன்பாதியை ஒரு தடத்தில் விட்டு, பின்னால் வந்து, மிச்சத்தை இன்னொரு தடத்தில் தள்ள வேண்டும். அந்த முன்னும் பின்னுமான ஆட்டம் முழுவதும் எங்கள் கேட்டுகளின் மேல்தான் நடக்கிறது. ரயில் நகர்ந்ததும் கார்களை ஸ்டார்ட் செய்வோம். நாற்பது பெட்டி போனதும் நின்று, வந்த வழியே திரும்பும். அந்த நேரத்தில் கேட்கும் வசவுகளை எழுத முடியாது.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக வரும் ரயில்கள் ஒதுங்குவதற்கான சைடிங்குகளுக்கும் இதே கதைதான். நீண்ட ரயில் சைடிங்கில் அடங்காது, ஆகவே குட்டையான ரயில்தான் ஒதுங்க வேண்டும். குட்டையானது பெரும்பாலும் பயணிகள் ரயில். தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1970-களிலிருந்து சட்டம் இருக்கிறது. சட்டம் சொன்னால் மட்டும் சைடிங் நீளுமா?

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன், என்னைக் கூட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது அதுதான். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது, நின்றிருந்த ரயிலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நின்ன ரயில்தானே, குனிஞ்சு அந்தப் பக்கம் போயிடலாமே? நம்ம ஊர்ல கேட் போட்டா சைக்கிளைச் சாய்ச்சுக்கிட்டு உள்ள பூந்துடுவோம்" என்றார். எனக்குப் பகீர் என்றது, ஏனென்றால் அதே யோசனையோடு பள்ளிப் பையன்கள் சிலர் புத்தகப் பையை முதலில் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டிருப்பதை அதே கேட்டில் நான் பார்த்திருந்தேன். இண்டியானாவின் ஹேமண்ட் நகரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ரயிலுக்கு அடியில் தவழ்வதை 2023-ல் பத்திரிகையாளர்கள் படம் பிடித்து நாடு முழுக்கக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். எங்கள் ஊர் ஆட்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இதில் அத்தைக்கு விளக்கியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டாயம் அவர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டு மைல் ரயிலில் என்ஜின் உங்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கிறது. அது கிளம்பும் சத்தம் உங்களுக்குக் கேட்காது. பெட்டிகளுக்கு நடுவே உள்ள கப்ளிங்கில் கொஞ்சம் தொய்வு உண்டு; என்ஜின் இழுத்ததும் அந்தத் தொய்வு ஒவ்வொரு பெட்டியாக இறுகிக்கொண்டே வந்து, நீங்கள் நிற்கும் பெட்டி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று குலுங்கி நகரும். வாலில் இன்னோர் என்ஜின் இருந்தால் எந்தத் திசையில் நகரும் என்றும் சொல்ல முடியாது. கண்டக்டர் பெரியவர் வேலையில் இருந்தபோதே நின்ற ரயிலுக்குள் கையைக்கூட அனுமதி வாங்காமல் நுழைத்ததில்லை என்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? முதலில் எல்லோரும் போவது போலீஸிடம். எங்கள் ஊர்ப் போலீஸ் அதிகாரி கையை விரித்தார். "ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்டை மறிக்கக்கூடாது என்று மாநிலச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அவர் சொன்னது சரி. ஒஹாயோவின் யூனியன் கவுண்டியில் 2018-ல் நின்ற ரயில்களுக்காகப் போட்ட வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ரயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது மத்திய அரசின் அதிகாரம், மாநிலச் சட்டம் செல்லாது என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. பக்கத்து இண்டியானாவில் 10 நிமிட வரம்புக்கு 2018-லேயே இதே கதி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1995-ல் ரயில் துறை ஒழுங்குமுறையை மாற்றியமைத்த மத்தியச் சட்டம்.

சரி, மத்திய அரசாவது வரம்பு வைத்திருக்கிறதா என்றால், இல்லை. கேட்டை எத்தனை நிமிடம் மறிக்கலாம் என்று மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. மாநிலம் வரம்பு வைக்கக்கூடாது, மத்தியம் வரம்பு வைக்கவில்லை. இந்த ஓட்டையில்தான் எங்கள் ஊர் நின்றுகொண்டிருக்கிறது. இது புரிந்த பிறகு அபராதம் என்ற பேச்சையே விட்டுவிட்டோம். அதில் செலவழித்த ஆற்றலை வேறு பக்கம் திருப்பினோம்.

முதலில் நீலப் பலகை. ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் சிறிய நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். தினமும் கடப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. அதில் ரயில் கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண்ணும், ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அந்தக் கேட்டின் அடையாள எண்ணும் இருக்கும். மூன்று கேட்டுகளின் பலகைகளையும் படம் எடுத்துப் போனில் வைத்திருக்கிறேன். கார் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால், எல்லோரும் இறங்கி முதலில் தண்டவாளத்தை விட்டு விலகி ஓட வேண்டும். ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். எதிர்த்திசையில் ஓடினால் மோதிச் சிதறும் கார்த் துண்டுகள் உங்கள் மேல்தான் வந்து விழும். விலகிய பிறகு நீலப் பலகை எண்ணை அழையுங்கள், ரயிலை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் அந்த முனையில் இருக்கிறார். பலகை கைக்கெட்டாவிட்டால் 911. கேட் பழுதாகி ரயிலே இல்லாமல் மூடிக் கிடந்தாலும் அதே நீலப் பலகை எண்தான்.

அடுத்து பதிவு. மத்திய ரயில்வே நிர்வாகமான எஃப்.ஆர்.ஏ., 2019 டிசம்பரில் அடைபட்ட கேட்டுகளைப் பற்றிப் பொதுமக்கள் தெரிவிக்க ஓர் இணையப் பக்கம் திறந்தது. கேட் எண், நாள், நேரம், எவ்வளவு நேரம், ஆம்புலன்ஸ் மாட்டியதா, ஆட்கள் பெட்டிக்கு நடுவே ஏறினார்களா என்றெல்லாம் கேட்கும். நிரப்பியதும் உடனே யாரும் ஓடிவரமாட்டார்கள். அது தகவல் சேகரிக்கும் இடம் மட்டுமே. இதைச் சொன்னதும் எங்கள் தெருவில் பாதிப்பேர், "அப்புறம் எதற்கு நிரப்ப வேண்டும்?" என்று விட்டுவிட்டார்கள். நானும் சிலரும் விடவில்லை. காரணம், நிதி கேட்டு விண்ணப்பம் போடும்போது "எங்கள் ஊரில் ரயில் ரொம்ப நேரம் நிற்கிறது" என்ற புலம்பலுக்கு எந்த மதிப்பும் இல்லை. கேட் எண்ணோடு தேதி வாரியாக இருக்கும் பட்டியலுக்கு உண்டு. பள்ளி அலுவலகத்திலும் பஸ் டிரைவர்களிடமும் பேசி, பஸ் மாட்டும் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கச் சொன்னோம். தினம் ஒரே நேரத்தில் ஒரே கேட்டைக் கடப்பவர் பஸ் டிரைவர். அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் ஊர் எடுத்த ஒரு முடிவு, பாலத்தைவிட மலிவு, பலனோ உடனடி. தெற்குப் பக்கத்தில் பயன்படாமல் கிடந்த நகராட்சிக் கொட்டகையில் ஒரு ஆம்புலன்ஸையும் இரண்டு பேரையும் பகலில் நிறுத்தி வைக்கிறார்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது, ஆனால் முதலுதவி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். உங்கள் ஊரிலும் தண்டவாளம் நடுவே போகிறது என்றால் தீயணைப்புத் துறையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எல்லாக் கேட்டும் ஒரே நேரத்தில் மூடினால் எங்கள் பக்கத்துக்கு யார் வருவார்கள்? எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது அறை கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், எந்தக் கேட் மூடினால் எந்தச் சாலையில் சுற்றுவது என்பதை நீங்களும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ரயில் கம்பெனியைத் தொடர்பு கொள்வதிலும் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கத்துவதால் பயனில்லை, நாம் அவர்களின் வாடிக்கையாளரே இல்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய கம்பெனியிலும் உள்ளாட்சிகளோடு பேசுவதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். அவரோடு பேச வேண்டியது மேயர் அலுவலகம். எங்கள் மேயர் கேட்டது ரயிலைக் குட்டையாக்குங்கள் என்று இல்லை. பள்ளி விடும் நேரத்தில் யார்டில் அந்த முன்னும் பின்னுமான வேலையை வைக்காதீர்கள், யார்டில் இடம் இல்லையென்றால் ஊருக்கு வெளியே வயல் பக்கம் நிறுத்தி வையுங்கள் என்று. இரண்டாவதை ஓரளவு செய்தார்கள். முதலாவதைச் சில மாதம் செய்துவிட்டு மறந்தார்கள். அங்கே ஆள் மாறியதும் எல்லாம் முதலிலிருந்து.

ரயில் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரே அளவு சரக்கை லாரியில் அனுப்பினால் டீசல் பல மடங்கு எரியும், சாலையும் நாறிப்போகும். ஒரு நீண்ட ரயில் இரண்டு குட்டை ரயில்களுக்குப் பதில் வருவதால் கேட் மூடும் தடவை குறைகிறது என்று கம்பெனிகள் சொல்வதும் கணக்குப்படி சரியே, ரயில் நிற்காமல் ஓடும் வரை. உலகிலேயே நீளமான ரயில் 2001-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் ஓடியது: 682 பெட்டிகள், 8 என்ஜின்கள், 7.3 கிலோமீட்டர். இந்தியாவிலும் 2022 சுதந்திர தினத்தன்று 295 வேகன்களோடு மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் சூப்பர் வாசுகி என்ற நிலக்கரி ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். பில்பராவில் பாலைவனம், ஒரே வகைச் சுரங்கப் பெட்டிகள், நடுவில் பள்ளிக்கூடம் கிடையாது. நூறு வருடப் பழைய ஊர்களின் நடுத்தெரு வழியாக, வெற்றுப் பெட்டியும் சுமைப் பெட்டியும் கலந்து கோத்த ரயிலை அதே நீளத்துக்கு இழுப்பது வேறு காரியம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2024-ல் நீண்ட ரயில்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இந்தக் கலப்பு ரயில்களைத்தான் கவலையோடு பார்த்தது.

எங்கள் மாநிலத்து ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரைச் சொல்லாமல் ஒஹாயோக்காரர் யாரும் ரயிலைப் பற்றிப் பேச முடியாது. 2023 பிப்ரவரி 3 இரவு அங்கே நார்ஃபோக் சதர்ன் நிறுவன ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. மூன்று நாள் கழித்து பெட்டிகளில் இருந்த வினைல் குளோரைடு என்ற ரசாயனத்தை வேண்டுமென்றே எரித்தார்கள், கரும்புகை ஊரை மூடியது. ரயில் ஒன்றேமுக்கால் மைல் நீளம். ஆனால் விசாரணை கண்ட காரணம் சூடேறிப்போன ஒரு சக்கர பேரிங். நீளம்தான் காரணம் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் கம்பெனி ஆள் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் தள்ளிவிடுவார். கண்முன் நடந்து பார்த்திருக்கிறேன். தெரிந்ததை மட்டும் பேசுவது நல்லது.

கடைசியில் எல்லாம் பாலத்தில்தான் வந்து முடிகிறது. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் ரயில்வே கேட்டுகளை ஒழிப்பதற்கென்றே ஐந்து ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நாட்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேட்டுகள் இருக்கின்றன, ஒரு மேம்பாலத்துக்கே கோடிக்கணக்கில் ஆகும். வகுத்துப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும். திட்டச் செலவில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூர் பக்கம் போட வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஊர் நேரடியாகக் கட்டுமானப் பணம் கேட்டால் நடக்காது, முதலில் திட்டமிடலுக்கான நிதியைக் கேளுங்கள் என்று கவுண்டி பொறியாளர் ஆலோசனை சொன்னார். விண்ணப்பம் போயிருக்கிறது. பஸ் டிரைவர்களின் குறிப்பேடு அதில் இணைப்பாகப் போனது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாலம் என்றதும் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலத்தின் சாய்வுப் பாதை எங்காவது இறங்கியாக வேண்டும். வரைபடத்தில் அது தெற்குப் பக்கத்து வாடகை வீடுகளின் மேல்தான் இறங்குகிறது. கூடவே, ஒரு பாலம் வந்தால் மற்ற இரண்டு கேட்டுகளில் ஒன்றை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்று பேச்சு வருகிறது. கேட்டை மூடுவதற்கு ரயில் கம்பெனிகள் ஊக்கத்தொகைகூடத் தருவதுண்டு. காரில் போகிறவருக்கு இது நல்ல பேரம். நடந்து போகும் பிள்ளைக்கு இல்லை. உயரமான கார்ப் பாலத்தில் பனிக்காலத்தில் ஏறிப் போக அதற்கு முக்கால் மைல் கூடுதல் நடை, ஆக அது மறுபடியும் பெட்டிகளுக்கு நடுவேதான் ஏறும். நடுக் கேட்டை மூடுவதானால் அதே இடத்தில் நடைபாலம் ஒன்றும் திட்டத்திலேயே சேர்க்கப்பட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம் என்று பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு நகர மன்றத்தில் கொடுத்திருக்கிறோம். வாடகை வீட்டுக்காரர்கள் தனியாக ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேதி இன்னும் அறிவிக்கவில்லை.